600 சைட், ஓர் அட்மின்: ஷேர்பாயிண்ட்டை எங்கிருந்து ஒழுங்குபடுத்துவது?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் 340 பேர். மைக்ரோசாஃப்ட் 365 வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கோப்புகளை வைத்துப் பகிரும் ஷேர்பாயிண்ட், குழு உரையாடலுக்கான டீம்ஸ் இரண்டுக்கும் அட்மின் நான் ஒருவன்தான். யார் வேண்டுமானாலும் டீம் தொடங்கலாம் என்று விட்டிருந்ததில், ஒவ்வொரு டீமோடும் ஷேர்பாயிண்ட்டில் அதன் கோப்புகளுக்கான ஒரு சைட் உருவாகி, இன்று 600-க்கும் மேற்பட்ட சைட்கள். பாதிக்கு ஓனர் யாரென்றே தெரியவில்லை. போன வாரம் ஓர் ஊழியர் வேறு எதையோ தேடப்போக, சம்பளப் பட்டியல் எக்செல் கோப்பு தேடல் முடிவில் வந்து நின்றது. சேமிப்பிடம் 95 சதவீதம் நிரம்பிவிட்டது. பழைய கோப்புகளை நீக்கியும் குறையவில்லை. ஃபோல்டரே கூடாது, மெட்டாடேட்டாதான், அதாவது ஒவ்வொரு கோப்புக்கும் விவரப் பத்திகள்தான் வேண்டும் என்று ஒரு துறை மல்லுக்கு நிற்கிறது. நிர்வாகமோ, 'ஆளுகைக் கொள்கை ஒன்று எழுதிக் கொடுங்கள்' என்கிறது. கையில் கிடைத்த மாதிரி ஆவணம் 40 பக்கம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்த 40 பக்கத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள். கொள்கை எழுதுவது கடைசி வேலை. முதலில் சம்பளப் பட்டியல், அடுத்து ஓனர்கள், அதன்பின் புதிய சைட் உருவாக்கம், பிறகு இடம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஓனர் இல்லாத சைட்களின் மீது காலாவதி விதியைப் போட்டால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சம்பளக் கோப்பு விஷயத்தில் எல்லோரும் உடனே செய்வது, கோப்பை நீக்கிவிடுவது. செய்யாதீர்கள். கோப்பு போனால் அது எந்த வழியாக வெளியே தெரிந்தது என்ற தடயமும் போய்விடும். அதே ஓட்டையில் இன்னும் நூறு கோப்புகள் இருக்கலாம். கோப்பின் மீது 'மேனேஜ் ஆக்சஸ்' திறந்து பாருங்கள். யாருக்கெல்லாம் அனுமதி என்பதை ஆட்கள், குழுக்கள், லிங்க்குகள் என்று தனித்தனியாகக் காட்டும்.

இங்கே ஒரு நுணுக்கம் உங்கள் வேலையைப் பாதியாகக் குறைக்கும். 'பீப்பிள் இன் யுவர் ஆர்கனைசேஷன்' வகை (நிறுவனத்தில் உள்ள எவரும் திறக்கக்கூடிய) லிங்க் ஒன்றை யாரோ உருவாக்கியிருந்தால், அந்த லிங்க்கை ஒருமுறையாவது சொடுக்கித் திறந்தவருக்குத்தான் அந்தக் கோப்பு தேடலில் வரும். லிங்க் கைக்கே வராதவருக்கு வராது. உங்கள் ஊழியரோ எந்த லிங்க்கையும் தொடாமல் தேடலிலேயே பார்த்திருக்கிறார். ஆகவே காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. அந்தக் கோப்பு 'பப்ளிக்' என்று வைத்த ஒரு டீமின் சைட்டில் கிடக்கிறது. அல்லது 'எவ்ரிஒன் எக்ஸெப்ட் எக்ஸ்டர்னல் யூசர்ஸ்' (வெளியாட்கள் தவிர எல்லோரும்) என்ற குழுவை யாரோ சைட்டிலோ, அதற்குள் கோப்புகள் இருக்கும் லைப்ரரியிலோ, ஃபோல்டரிலோ சேர்த்திருக்கிறார்கள். பப்ளிக் டீம் என்றால் அந்தக் குழு தானாகவே சைட்டின் மெம்பர்ஸ் பட்டியலில் ஏறிவிடும். அதாவது 340 பேருக்கும் படிக்க மட்டுமல்ல, திருத்தவும் உரிமை. டீம் தொடங்கும்போது 'பப்ளிக்' என்பதைத் தேர்ந்தெடுத்தவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. யார் வேண்டுமானாலும் கேட்காமல் சேரலாம் என்ற வசதி மட்டுமே அவர் கண்ணில் பட்டிருக்கும்.

டீமை 'பிரைவேட்' என்று மாற்றினால் மெம்பர்ஸ் பட்டியலில் தானாக ஏறியது இறங்கிவிடும். படிக்க மட்டும் உரிமை உள்ள விசிட்டர்ஸ் குழுவிலோ ஒரு ஃபோல்டரிலோ யாராவது கையால் சேர்த்தது இறங்காது. அதைத் தனியாகத் தேடி எடுக்க வேண்டும். மாற்றிய பிறகு தேடல் அட்டவணை புதிய அனுமதியைப் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். பட்டியலில் இல்லாத ஒருவரின் கணக்கிலிருந்து மறுபடி தேடிப் பார்த்தே உறுதிசெய்யுங்கள். உங்கள் அட்மின் கணக்கிலிருந்து பார்ப்பது சோதனையாகாது.

இதோடு மைக்ரோசாஃப்ட்டின் தரவுப் பாதுகாப்புத் தளமான பர்வ்யூவின் தணிக்கைப் பதிவைத் திறந்து, அந்தக் கோப்பை யார் யார் திறந்தார்கள், பதிவிறக்கினார்கள் என்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணத் தணிக்கை வசதியில் பதிவுகள் 180 நாள்தான் இருக்கும். அந்தப் பட்டியலை வைத்து யாரிடம் என்ன கேட்பது என்பது மனிதவளத் துறையின் முடிவு. உங்கள் வேலை, பட்டியலை நேரத்தோடு எடுத்துக் கொடுப்பது.

அடுத்து, அதே ஓட்டை வேறு எங்கெங்கே என்று பார்க்க வேண்டும். டீம்ஸ் அட்மின் சென்டரில் எல்லா டீம்களின் பட்டியலிலும் பிரைவசி, ஓனர் எண்ணிக்கை, கெஸ்ட் (வெளியாள்) எண்ணிக்கை என்று பத்திகள் இருக்கின்றன. பப்ளிக் என்று இருப்பவற்றை மட்டும் பிரித்தெடுத்துப் பார்ப்பது ஒரு மதியப் பொழுது வேலை. கையால் சேர்த்தவற்றைக் கண்டுபிடிக்க ஷேர்பாயிண்ட் அட்வான்ஸ்டு மேனேஜ்மென்ட் வசதி இருந்தால் அதில் உள்ள தரவு அணுகல் அறிக்கைகள் போதும். கோபைலட் (மைக்ரோசாஃப்ட்டின் ஏ.ஐ. உதவியாளர்) லைசென்ஸ் வாங்கியிருந்தால் அந்த வசதி அதோடு வந்திருக்கும், பாருங்கள். இல்லையென்றால் பி.என்.பி. பவர்ஷெல் என்ற கட்டளைக் கருவியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி எல்லா சைட்களையும் ஓட்ட வேண்டும். கோபைலட்டைக் கொண்டுவரும் எண்ணம் நிர்வாகத்துக்கு இருந்தால் இதை முடிக்காமல் ஒரு அடியும் எடுத்து வைக்காதீர்கள். அது யாருடைய அனுமதியையும் மீறாது. அவரவர் அனுமதிக்குள் கிடப்பதையெல்லாம் தேடி எடுத்து முன்னால் வைக்கும். இத்தனை நாள் யாரும் தேடவில்லை என்பதால் மறைந்திருந்தவை அப்போது வெளிச்சத்துக்கு வரும்.

சம்பளம், ஒழுங்கு நடவடிக்கை, ஒப்பந்த விலை போன்றவற்றுக்கு இருக்கும் சைட்டுக்குள்ளேயே ஒரு 'ரகசிய' ஃபோல்டர் போட்டு அனுமதியை வெட்டிவிடுவது வழக்கம். இதை நான் பரிந்துரைப்பதில்லை. ஃபோல்டரில் மரபுவழி அனுமதியை (மேலே இருந்து தானாக இறங்கி வருவதை) நிறுத்தும் அந்தக் கணத்தில் மேலே இருந்த அனுமதிகள் அப்படியே நகலாகி நிற்கும். பொதுவாக அதற்குப் பின் ஒவ்வொன்றாக நீக்குவார்கள், ஒன்று விட்டுப்போகும். பிறகு நேரடியாகப் பெயர் போட்டுச் சேர்த்த ஓர் ஆள் துறை மாறிப் போனாலும் அந்த ஃபோல்டரில் அவர் பெயர் மட்டும் தங்கிவிடும். குழுவிலிருந்து எடுத்தால் போதும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். கோப்பை ஒருவர் இழுத்துப் பக்கத்து ஃபோல்டரில் போட்டால் அங்கே உள்ள அனுமதியே அதற்கும் வந்துவிடும். ஆகவே ரகசியத்துக்குத் தனி சைட்: பிரைவேட், உறுப்பினர் பட்டியல் சின்னது, பகிரும் உரிமை ஓனர்களுக்கு மட்டும், இயல்பான லிங்க் வகை 'ஏற்கனவே அனுமதி உள்ளவர்களுக்கு' என்று. அந்த வகை லிங்க் புதிதாக யாருக்கும் அனுமதி தராது. முகவரியை மட்டும் காட்டும்.

இனி ஓனர்கள். ஷேர்பாயிண்ட் அட்மின் சென்டரில் 'ஆக்டிவ் சைட்ஸ்' பட்டியலை சி.எஸ்.வி.யாக (எக்செல்லில் திறக்கும் கோப்பு) இறக்குங்கள். கடைசிச் செயல்பாட்டுத் தேதி, இடம், வெளிப்பகிர்வு நிலை எல்லாம் அதில் வரும். ஓனர் எண்ணிக்கையை டீம்ஸ் பட்டியலிலிருந்து எடுத்துப் பக்கத்தில் சேருங்கள். ஓராண்டாக யாரும் தொடாதவை ஒரு பக்கம் போகட்டும். மீதியில் ஓனர் இல்லாதவையும், ஒரே ஓனர் உள்ளவையும்தான் உங்கள் தலைவலி. ஒரே ஓனர் என்பது இன்னும் ஓனர் இல்லாமல் போகவில்லை என்று மட்டுமே பொருள். ஒவ்வொரு சைட்டுக்கும் இரண்டு ஓனர். ஒருவர் முடிவெடுக்கக்கூடிய பொறுப்பில் இருப்பவர், இன்னொருவர் அன்றாடம் அந்த சைட்டில் வேலை செய்பவர். இருவரும் மேலாளர்கள் என்றால் யாரும் எதையும் பார்க்க மாட்டார்கள்.

ஓனர் இல்லாதவற்றை நீங்களே ஒவ்வொன்றாகத் துரத்த வேண்டாம். டீம் ஒவ்வொன்றின் பின்னாலும் மைக்ரோசாஃப்ட் 365 குழு ஒன்று, அதாவது அதன் உறுப்பினர் பட்டியல், இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 365 அட்மின் சென்டரில் ஓனர் இல்லாத குழுக்களுக்கென்று ஒரு கொள்கை அமைப்பு இருக்கிறது. அதை இயக்கினால், அந்தக் குழுவில் சுறுசுறுப்பாக இருக்கும் உறுப்பினர்களுக்கு 'நீங்கள் ஓனராக இருக்கச் சம்மதமா' என்று வாரம் ஒரு மின்னஞ்சல், நீங்கள் சொல்லும் வாரங்கள் வரை போகும். ஒரு குழுவில் இரண்டு பேர் வரை ஏற்கலாம். அந்த அஞ்சலின் வாசகத்தை நீங்கள் மாற்ற முடியும். இயல்பாக வரும் வாசகத்தை அப்படியே விட்டால் பாதிப் பேர் ஏதோ மோசடி அஞ்சல் என்று நீக்கிவிடுவார்கள். முன்கூட்டியே ஓர் அறிவிப்பு அனுப்பிவிட்டு இயக்குங்கள்.

'எல்லா சைட்டுக்கும் என் பெயரையே போட்டுவிடுகிறேன்' என்று தோன்றும். தோன்றட்டும், செய்யாதீர்கள். அப்புறம் ஒரு கோப்பு வேண்டுமா வேண்டாமா, ஒருவருக்கு அனுமதி தரலாமா கூடாதா என்ற கேள்வியெல்லாம் உங்களிடம் வரும். விற்பனைத் துறையின் ஒப்பந்தத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? மேடை உங்களுடையது, மேடையில் இருப்பது துறையினுடையது. ஓனரிடம் நீங்கள் கேட்க வேண்டியது குறைவு: மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறுப்பினர் பட்டியலைப் பார்ப்பது, கெஸ்ட்கள் இன்னும் தேவையா என்று சொல்வது, வேலை முடிந்ததும் மூடச் சொல்வது.

இப்போது கதவு, அதாவது புதிய சைட் உருவாக்கம். பலர் செய்யும் தவறு, ஷேர்பாயிண்ட் அட்மின் சென்டரில் 'பயனர்கள் சைட் உருவாக்கலாம்' என்பதை அணைத்துவிட்டு நிம்மதியாக இருப்பது. மறுவாரமே புதிய சைட்கள் முளைக்கும். காரணம், டீம்ஸ், அவுட்லுக், பிளானர் ஒவ்வொன்றும் மைக்ரோசாஃப்ட் 365 குழு ஒன்றை உருவாக்கும். குழு உருவானால் பின்னாலேயே சைட்டும் உருவாகும். அடைக்க வேண்டியது குழு உருவாக்கத்தை. பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் என்ட்ராவின் குழு அமைப்புகளில் பொது அனுமதியை நிறுத்தி, ஒரு பாதுகாப்புக் குழுவுக்கு மட்டும் உருவாக்கும் உரிமை தர வேண்டும். இதைப் பவர்ஷெல் வழியாகத்தான் செய்கிறார்கள். அந்தப் பாதுகாப்புக் குழுவில் இருப்பவர்களுக்கு என்ட்ரா பி1 லைசென்ஸ் வேண்டும். 340 பேருக்கும் வாங்க வேண்டியதில்லை. டீமுக்குள் உரையாடல் பிரிவுகளான சேனல்களில், பிரைவேட் சேனலும் ஷேர்டு சேனலும் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு தனி சைட்டை உருவாக்கிக்கொள்ளும் என்பதும் நினைவிருக்கட்டும். டீமின் ஓனராக இருந்தாலும் அந்த பிரைவேட் சேனலில் உறுப்பினராக இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கோப்புகள் அவர் கண்ணில் படாது.

கதவைச் சாத்தினால் பக்கத்தில் மணி வைக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸில் ஒரு விண்ணப்பம்: என்ன வேலைக்கு, இரண்டு ஓனர்கள் யார், வெளியாட்கள் வருவார்களா, ரகசியம் உண்டா, எப்போது முடியும். ஐந்து கேள்விக்கு மேல் வேண்டாம். பணிகளைத் தானாக நடத்தும் பவர் ஆட்டோமேட்டில் ஒப்புதல் ஓட்டம். ஒரு வேலைநாளுக்குள் சைட் கையில் கிடைக்க வேண்டும். இரண்டு வாரம் இழுத்தால் மக்கள் வாட்ஸ்அப் குழுவுக்கும் தனிப்பட்ட டிரைவுக்கும் போய்விடுவார்கள். அங்கே நடப்பதை நீங்கள் பார்க்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. 600 சைட் குழப்பத்தைவிட அது மோசம். பெயரிடும் விதி வேண்டுமென்றால் துறையின் சுருக்கக் குறியீடு முன்னால், அவ்வளவுதான். ஆண்டு, நகரம், திட்ட எண், பதிப்பு என்று அடுக்கினால் டீம்ஸின் இடப் பக்கப் பட்டையில் எல்லாப் பெயரும் ஒன்றுபோலத் தெரியும். வித்தியாசமான பகுதி வெட்டுப்பட்டுப் போகும்.

ஓனர்கள் சரியான பிறகே காலாவதிக் கொள்கை. குழுக்களுக்கு 365 நாள் ஆயுள் என்று வைத்தால், முடிவதற்கு 30 நாள், 15 நாள், 1 நாள் முன்னால் ஓனருக்கு அஞ்சல் போகும். யாரும் புதுப்பிக்காவிட்டால் குழு நீக்கப்படும். 30 நாளுக்குள் மீட்கலாம், அதற்குப் பின் முடியாது. ஓனர் இல்லாத குழுக்களுக்கான அஞ்சல் நீங்கள் கொடுக்கும் ஒரு மாற்று முகவரிக்குப் போகும். 300 குழுவுக்கான அஞ்சல் ஒரே பெட்டியில் வந்து விழுந்தால் யார் படிப்பார்? முப்பது நாளும் கடந்துபோகும். அதனால்தான் வரிசை. குழுவில் நடமாட்டம் இருந்தால் அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்பதால், உயிரோடு இருப்பவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். முதலில் தேர்ந்தெடுத்த இருபது குழுக்களுக்கு மட்டும் இயக்கிப் பாருங்கள்.

இடம். மைக்ரோசாஃப்ட் தரும் கணக்கு, அடிப்படை 1 டி.பி., அதோடு தகுதியுள்ள ஒவ்வொரு லைசென்ஸுக்கும் 10 ஜி.பி. 340 பேருக்கும் அந்த வகை லைசென்ஸ் என்றால் மொத்தம் சுமார் 4.3 டி.பி. ஒவ்வொருவரின் தனிக் கோப்பிடமான ஒன்டிரைவ் இதில் சேராது. நீக்கியும் குறையவில்லை என்கிறீர்கள். அதற்குக் காரணம் ரீசைக்கிள் பின்னாக இருக்கலாம், பிரிசர்வேஷன் ஹோல்டு லைப்ரரியாகவும் இருக்கலாம்.

ரீசைக்கிள் பின்னில் நீக்கிய கோப்பு 93 நாள் இருக்கும். பயனர் அங்கிருந்தும் நீக்கினால் இரண்டாம் கட்டத் தொட்டிக்குப் போகும். ஆனால் நாள் கணக்கு முதலில் நீக்கிய தேதியிலிருந்தே ஓடும், மறுபடி 93 கிடைக்காது. பொறுத்திருந்தால் தானே தீரும். பிரிசர்வேஷன் ஹோல்டு அப்படியல்ல. யாராவது பர்வ்யூவில் 'எல்லா சைட்டுக்கும் 7 ஆண்டு' என்று தக்கவைப்புக் கொள்கை போட்டிருந்தால், நீக்கும் ஒவ்வொரு கோப்பின் நகலும் அந்த மறைவான லைப்ரரியில் போய் உட்காரும். அது அந்த சைட்டின் இடக் கணக்கிலேயே சேரும், அங்கிருந்து நீங்கள் நீக்கவும் முடியாது. கோப்பைத் திருத்தத் திருத்தச் சேரும் பழைய வெர்ஷன்களுக்கும் (முந்தைய பதிப்புகளுக்கும்) அதே பாதுகாப்பு என்பதால் வெர்ஷன் வரம்பும் அங்கே வேலை செய்யாது. சைட்டையே நீக்கலாம் என்று போனாலும் விடாது. சைட் கன்டென்ட்ஸ் பக்கத்தில் அந்த லைப்ரரி சைட் அட்மினுக்குத் தெரியும்; ஸ்டோரேஜ் மெட்ரிக்ஸ் பக்கத்தில் அளவு தெரியும். பெரிதாக இருந்தால் தக்கவைப்புக் கொள்கை எழுதியவரோடும் சட்டப் பிரிவோடும் உட்கார்ந்து, ஏழு ஆண்டு எதற்கெல்லாம் உண்மையிலேயே தேவை என்று சுருக்குவதைத் தவிர வேறு வழி இல்லை. நிதிக்குத் தேவைப்படலாம், பிறந்தநாள் விழாப் படங்களுக்குத் தேவையில்லை.

மூன்றாவதாக ஒன்று, பெரும்பாலும் இதுதான் பெரியது: வெர்ஷன்கள். லைப்ரரியின் இயல்பான வரம்பு 500 பெரு வெர்ஷன்கள். ஒவ்வொரு வெர்ஷனும் முழுக் கோப்பின் அளவில் கணக்காகும். 40 எம்.பி. பவர்பாயிண்ட் ஒன்றைப் பத்துப் பேர் தானியங்கிச் சேமிப்போடு மாதக்கணக்கில் திருத்தி 500 வெர்ஷன் வரை போனால், ஒரே கோப்பு 20 ஜி.பி. பட்டியலில் 40 எம்.பி. என்றுதான் காட்டும். உங்கள் சைட்களை இடத்தின்படி வரிசைப்படுத்தி முதல் இருபதை மட்டும் பாருங்கள். மீதியைத் தொடாமலேயே தீர்வு கிடைக்கும்.

இப்போது 'ஆட்டோமேட்டிக்' வெர்ஷன் வரம்பு வந்திருக்கிறது. முதல் 30 நாள் எல்லா வெர்ஷனும், 60 நாள் வரை மணிக்கு ஒன்று, 180 நாள் வரை நாளுக்கு ஒன்று, அதன்பின் வாரத்துக்கு ஒன்று என்று தானே மெலிந்துகொண்டே போகும். உச்சவரம்பு அப்போதும் 500தான். நிறுவன அளவில் இதையே இயல்பாக வையுங்கள். ஆனால் இது புதிய லைப்ரரிகளுக்குத்தான். ஏற்கனவே குவிந்திருப்பதை வெட்ட, சைட் வாரியாகப் பவர்ஷெல்லில் தனிப் பணி ஓட்ட வேண்டும். இங்கே கை நடுங்குவது நல்லது: அப்படி வெட்டிய வெர்ஷன்கள் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, போனது போனதுதான். முதலில் வெர்ஷன் பயன்பாட்டு அறிக்கையை எடுத்து எவ்வளவு மிச்சமாகும் என்று கணக்குப் பாருங்கள். ஒப்பந்தம், தணிக்கை, தரக் கட்டுப்பாடு சம்பந்தப்பட்ட சைட்களை விலக்கி வையுங்கள்.

ஓராண்டாகத் தொடாத சைட்களை நீக்க மனம் வராவிட்டால் மைக்ரோசாஃப்ட் 365 ஆர்க்கைவில் போடலாம். வழக்கமான இடக் கணக்கிலிருந்து விலகும். மறுபடி எழுப்பும் வரை யாராலும் திறக்க முடியாது. அதற்கு அஸூர் (மைக்ரோசாஃப்ட்டின் மேகச் சேவை) பில்லிங் இணைக்க வேண்டும். டீம்ஸ் சேனல் கூட்டங்களின் பதிவு வீடியோக்கள் சேனலின் சைட்டில்தான் விழுகின்றன என்பதையும் பாருங்கள். இயல்பாக 120 நாளில் காலாவதியாகும். யாராவது அதை அணைத்து வைத்திருந்தால் அங்கேயே பல நூறு ஜி.பி. இருக்கும்.

அனுமதி நிலை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சைட்டின் மெம்பர்ஸ் குழுவுக்கு இயல்பாகக் கிடைப்பது 'எடிட்'. கோப்பைத் திருத்தும் உரிமை மட்டும் அதில் இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். பட்டியல்களை நிர்வகிக்கும் உரிமையும் உண்டு. அதாவது ஒரு சாதாரண உறுப்பினர் முழு லைப்ரரியையே நீக்கலாம், பத்தியை அழிக்கலாம், எல்லோருக்குமான வியூவை (பட்டியலைக் காட்டும் விதத்தை) மாற்றலாம். முக்கியமான பதிவேடுகள் உள்ள சைட்களில் 'கான்ட்ரிபியூட்' என்று இறக்கி வையுங்கள். கோப்புகளைச் சேர்க்கவும் திருத்தவும் நீக்கவும் அது போதும்.

ஃபோல்டரா மெட்டாடேட்டாவா என்ற சண்டையில் இரு தரப்பும் பாதி சரி. ஏழெட்டு அடுக்கு ஃபோல்டர் வேண்டாம் என்பதற்கு உறுதியான காரணம் உண்டு. சைட்டின் பாதை, ஃபோல்டர்கள், கோப்பின் பெயர் எல்லாம் சேர்ந்து 400 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. கணினியில் சிங்க் செய்து (நகலை ஒத்திசைத்து) டெஸ்க்டாப் எக்செல்லில் திறந்தால் பாதை 218 எழுத்தைத் தாண்டும்போதே முரண்டு பிடிக்கும். ஆனால் 'எல்லாம் மெட்டாடேட்டா, எல்லாப் பத்தியும் கட்டாயம்' என்று போனால் வேறு ஒன்று நடக்கும்: கட்டாயப் பத்தி உள்ள லைப்ரரியைச் சிங்க் செய்தால் அது படிக்க மட்டும் என்ற நிலையில்தான் கணினிக்கு வரும். கோப்புக்குப் பூட்டு விழுந்துவிட்டது என்று உங்களுக்கு அழைப்பு மேல் அழைப்பு வரும். காரணம் அந்தக் கட்டாயக் குறி. ஆகவே இரண்டு அடுக்கு ஃபோல்டர், அதிகபட்சம் மூன்று பத்தி: ஆவண வகை, நிலை, வாடிக்கையாளர் அல்லது திட்டம். கட்டாயம் என்று வைக்காமல் ஃபோல்டர் வாரியாக இயல்பு மதிப்பு கொடுத்துவிடுங்கள். ஃபோல்டரில் போட்டதும் பத்தி தானே நிரம்பும், இரு தரப்பும் அடங்கும்.

5,000 என்ற வரம்பையும் அந்தத் துறையினருக்குச் சொல்லி வையுங்கள். லைப்ரரி 3 கோடி உருப்படி வரை தாங்கும். ஆனால் இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் குறிப்பட்டியல்) இல்லாத பத்தியை வைத்து ஒரு வியூ 5,000-க்கு மேல் அலசப்போனால் பிழை காட்டும். அடியில் இருக்கும் எஸ்.க்யூ.எல். சர்வர் தரவுத்தளம், ஏறக்குறைய அந்த அளவு வரிசைகளைப் பூட்ட வேண்டி வரும்போது தனித்தனிப் பூட்டுகளை விட்டுவிட்டு அட்டவணை முழுவதையும் பூட்டிவிடும். அதைத் தவிர்க்க வைத்த வரம்பு இது. ஷேர்பாயிண்ட் ஆன்லைனில் இதை உயர்த்த யாராலும் முடியாது. வடிகட்டப் போகும் பத்திகளுக்கு லைப்ரரி சின்னதாக இருக்கும்போதே இன்டெக்ஸ் போட்டுவிட்டால் பிரச்சினை வராது. ஒரு பட்டியலில் 20 பத்திகளுக்குப் போடலாம்.

வெளிப்பகிர்வில் நான்கு படிகள் உண்டு: யார் வேண்டுமானாலும், புதிய மற்றும் பழைய கெஸ்ட்கள், பழைய கெஸ்ட்கள் மட்டும், நிறுவனத்துக்குள் மட்டும். நிறுவன அளவில் இரண்டாவது படி. சைட் அளவில் எல்லாவற்றையும் நான்காவதில் வைத்து, விண்ணப்பத்தில் கேட்ட சைட்டுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். சைட் எப்போதும் நிறுவன அமைப்பைவிடத் தளர்வாக இருக்க முடியாது. பதறிப்போய் ஒரே நாளில் இறுக்கிவிடாதீர்கள்; ஓடிக்கொண்டிருக்கும் வேலையில் இருக்கும் கெஸ்ட்கள் அப்போதே வெளியே நிற்பார்கள். அமைப்பை மறுபடி தளர்த்தினால் பழைய கெஸ்ட்களின் அனுமதி உயிர்பெற்றுவிடும் என்பதால், படியை இறக்கியதையே அனுமதியை ரத்து செய்ததாக எண்ணிக்கொள்ளவும் கூடாது.

பணியை விட்டுப் போகிறவர்களுக்கு மனிதவளத் துறையோடு ஓர் ஏற்பாடு வேண்டும். கணக்கை நீக்கியபின் ஒன்டிரைவ் இயல்பாக 30 நாள்தான் தக்கவைக்கப்படும். அதை அட்மின் சென்டரில் உயர்த்தலாம். எல்லோரும் ஒன்டிரைவை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள், பவர் ஆட்டோமேட் ஓட்டங்களை மறந்துவிடுகிறார்கள். போனவரின் இணைப்பில் ஓடிய ஒப்புதல் ஓட்டம் சத்தமில்லாமல் நின்றுவிடும். மாதக் கடைசியில் ஒரு பில் தேங்கிய பிறகே தெரியும். முக்கியமான ஓட்டங்களுக்கு இணை ஓனரும் பொதுச் சேவைக் கணக்கின் (தனி ஆளுக்குச் சொந்தமல்லாதது) இணைப்பும் வையுங்கள். உங்கள் புதிய சைட் விண்ணப்ப ஓட்டமும் இதில் அடக்கம்.

நீங்கள் ஒருவர்தான் அட்மின் என்றீர்கள். இன்னொருவருக்கு ஷேர்பாயிண்ட் அட்மின் பொறுப்பு வாங்கிக் கொடுங்கள். எல்லா உரிமையும் உள்ள குளோபல் அட்மின்களின் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். ஐந்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட்டின் பரிந்துரை. அன்றாட அஞ்சல் படிக்கும் கணக்கும் அட்மின் கணக்கும் தனித்தனியாக இருக்கட்டும்.

இவ்வளவும் ஓட ஆரம்பித்தபின் நிர்வாகம் கேட்ட கொள்கையை எழுதுங்கள். இரண்டு பக்கம் போதும்: சைட் யார் கேட்கலாம், ஓனரின் கடமை என்ன, வெளியாட்களுக்கு எது திறக்கும், ரகசியம் எங்கே போக வேண்டும், எவ்வளவு நாள் வைப்போம், யார் மூடுவார்கள். அமைப்பில் ஏற்கனவே இயங்கும் விதிகளை மட்டும் எழுதுங்கள். இயங்காத விதியைத் தாளில் வைத்தால் அடுத்த தணிக்கையில் அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கையெழுத்து ஐ.டி. துறையினுடையதாக இருக்க வேண்டாம். துறைத் தலைவர்களின் ஒப்புதலோடு நிர்வாகத்தின் பெயரில் வெளியாகட்டும். சம்பளக் கோப்பு விவகாரம் எல்லோருக்கும் நினைவிருக்கும்போதே அந்தக் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் கூட்டத்துக்கு நேரம்கூடக் கிடைக்காது.